ஏற்காட்டுப் பனியும் மாமா காரின் அலாரமும்

சேலத்தில் கார் எலக்ட்ரிக்கல் வேலைக்கு எங்கே விடலாம் என்று ஊருக்கு வரும் நண்பர்கள் கேட்பதால் எழுதுகிறேன். டொராண்டோவிலிருந்து நாங்கள் போனால் மாமாவின் கார்தான் ஓட்டுவோம், மற்ற நாளெல்லாம் அது அழகாபுரம் வீட்டு வாசலில் கவர் போட்டு நிற்கும். கம்பெனி அலாரம் இல்லை, எப்போதோ வெளிக்கடையில் மாட்டியது. சேலத்தில் எப்போதாவது கத்தும், நாய் உரசியிருக்கும் என்று விட்டுவிட்டோம். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காட்டில் ரூம் போட்டு, ராத்திரி பனி இறங்கியதும்தான் ஆட்டம் ஆரம்பித்தது. ரிமோட்டில் அணைத்தால் கொஞ்ச நேரம் சும்மா இருக்கும், மறுபடி அலறும், பக்கத்து ரூம்காரர் லுங்கியோடு வெளியே வந்து எங்களையே பார்க்கிறார். கடைசியில் சாவியால் பூட்டி, அலாரம் போடாமலே விட்டுத் தூங்கினோம்.

கீழே வந்து முதலில் போனது ஒரு பெரிய சர்வீஸ் சென்டருக்கு. ஏசி, காபி, டேப்லெட்டில் ஜாப் கார்டு எல்லாம் பக்கா. ஆனால் பானெட்டைக்கூடத் திறக்காமல், "வெளிக்கடை அலாரம் சார், கழட்டிட்டு முழு செட்டும் புதுசா போட்டுருங்க" என்று 11,000 ரூபாய் சொன்னார்கள். பேட்டரியும் வீக்காக இருக்கும் என்றார்கள், அது உண்மைதான் என்று பிறகு தெரிந்தது.

மாமாவுக்குப் பழக்கமான எலக்ட்ரீஷியன் கடை நாலு ரோடு பக்கம், போர்டுகூட இல்லை. அவர் கேட்ட முதல் கேள்வியே, "எப்பங்ண்ணா கத்துது, வெயில்லயா பனியிலயா?" என்பதுதான். பனியில் என்றதும் நேராக பானெட் சுவிட்சைப் பிடித்தார். பானெட் மூடியிருக்கும்போது அந்தச் சின்ன பின் அமுங்கி இருக்கும், திறந்தால் மேலே எழும்பி ஒயர் எர்த் ஆகும், அதாவது வண்டியின் இரும்பு உடம்போடு இணையும், உடனே சைரன். இதில் துரு ஏறியிருந்தது. ஈரம் பட்டால் மூடியிருக்கும்போதே எர்த் கசிகிறது, அலாரமோ யாரோ பானெட்டைத் திறக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறது. சும்மா சொல்லாமல், ஒயரைக் கழற்றி டேப் சுற்றி, "ராத்திரி வாசல்ல நிறுத்தி, மேல தண்ணி தெளிச்சுப் பாருங்க" என்று அனுப்பினார். அலாரம் மூச்சு விடவில்லை. எனக்குப் பிடித்தது இதுதான். சந்தேகப்படும் பாகத்தை மட்டும் பிரித்துவிட்டுப் பார்க்காமல் புதுசு வாங்கச் சொல்பவரிடம் நான் இனி வண்டி விட மாட்டேன், எவ்வளவு நல்ல காபி கொடுத்தாலும் சரி.

மறுநாள் புது சுவிட்ச் போட்டார். டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும், வண்டி அதிர்ந்தால் அலாரத்தைக் கிளப்பும் ஷாக் சென்சாரின் திருகையும் கொஞ்சம் குறைத்து, கண்ணாடியில் உள்ளங்கையால் தட்டிப் பார்த்துச் சரிசெய்தார். லாரி போனாலே கத்தும் அளவுக்கு வைத்திருந்தார்களாம். பேட்டரியை மீட்டரில் பார்த்தால் 12.1 வோல்ட், முழு சார்ஜில் 12.6 பக்கம் இருக்க வேண்டியது. நின்றே கிடக்கும் வண்டியில் அலாரமே பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துவிடும், வோல்டேஜ் இறங்கினால் சில அலாரங்கள் அதற்கும் கத்தும் என்றார். பேட்டரியை மாற்றச் சொல்லவில்லை, அங்கேயே சார்ஜ் ஏற்றி, வாரத்துக்கு ஒரு தடவையாவது வண்டியை எடுத்து ஓட்டும்படி மாமாவிடம் சொல்லி அனுப்பினார்.

எல்லாம் சேர்த்து 650 ரூபாய். பில் கேட்டால் சிரிக்கிறார், ஜிபே உண்டு. காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் லாரிக்காரர்கள் அவரைப் பிடித்துக்கொள்கிறார்கள்.