பாலூட்டும் தாய்க்கு எந்தச் செயலி: மணி பார்ப்பதா, மருந்து பார்ப்பதா?

பிளே ஸ்டோரில் தேடினால் பாலூட்டும் தாய்மார்களுக்கான செயலிகள் கொட்டிக் கிடக்கின்றன. எல்லாம் ஒரே வேலையைச் செய்பவை அல்ல. சில, பால் கொடுத்த நேரத்தைக் குறித்துவைக்கும். சில, சந்தேகங்களுக்குப் பதில் சொல்லும். இன்னும் சில, இந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு பால் கொடுக்கலாமா என்று சொல்லும். கண்ணில் முதலில் படுவது முதல் வகை. பிரசவத்துக்கு முன்பே போனில் தயாராக இருக்க வேண்டியது மூன்றாவது வகை என்பது என் கட்சி.

நேரம் குறிக்கும் வகையில் பேபி டிராக்கர், ஹக்கிள்பெரி இரண்டும் பலரும் வைத்திருப்பவை. இடதா வலதா, எத்தனை மணிக்கு, டயப்பர் எத்தனை, எல்லாம் இரண்டிலும் பதியலாம். ஹக்கிள்பெரியின் நாட்டம் தூக்கத்தின் மேல்; குழந்தை அடுத்து எப்போது தூங்கும் என்று கணிக்கும் வசதிக்குச் சந்தா கட்ட வேண்டும். பால் விவரம் மட்டும் போதும் என்றால் பேபி டிராக்கரே தாராளம். கணவர் போனிலும் அதே பதிவு தெரியும், ராத்திரி கண் விழிப்பதைப் பங்கு போட உதவும்.

ஆனால் இருபது நிமிடம் குடித்தது என்று கடிகாரம் காட்டுவதால் எவ்வளவு பால் உள்ளே போனது என்று தெரியாது. பிறந்த குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 தடவை குடிக்கும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஆறு தடவையாவது ஒன்றுக்குப் போக வேண்டும். முதல் சில நாளில் குறைந்த எடை இரண்டு வாரத்துக்குள் திரும்பிவிட வேண்டும். பார்க்க வேண்டியது இவ்வளவுதான். இரட்டைக் குழந்தை, குறைமாதக் குழந்தை என்றால் பதிவு கட்டாயம் உதவும். மற்றவர்கள் எடை ஏறத் தொடங்கியதும் அந்தச் செயலியை நீக்கிவிடலாம். ஏற்கெனவே வீட்டில் ஒருவர் "பால் பத்தலை போல" என்று சொல்லிக்கொண்டிருப்பார். போனும் சேர்ந்து பயமுறுத்த வேண்டாம்.

கேள்வி பதில் வகையில் பார்சிலோனாவில் உருவான லாக்ட்ஆப் நன்றாகவே இருக்கிறது. குழந்தையின் வயதுக்கு ஏற்பப் பதில் வரும், தமிழில் கிடையாது. காம்பு வலிக்கும்போது, வாய் வைக்கும் விதத்தைப் படித்துப் புரிந்துகொள்வது கஷ்டம், பார்த்துத்தான் ஆக வேண்டும். அதற்கு மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் தமிழிலேயே உள்ள வீடியோக்கள் எந்தச் செயலியையும் விட மேல்.

சரி, மருந்துக்கு வருவோம். காய்ச்சல், சளி, பல்வலி என்று போனால் "ரெண்டு நாள் பால் கொடுக்காதீங்க" என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறார்கள். பாராசிட்டமால், இபுபுரூஃபன் போன்றவற்றுக்கு அந்த அவசியமே இல்லை. இதைச் சரிபார்க்க இலவசமாக இரண்டு இணையத்தளங்கள்: அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகத் தளத்தில் இருக்கும் லாக்ட்மெட், ஸ்பெயின் குழந்தை மருத்துவர்கள் தொடங்கிய ஈ-லாக்டான்சியா. லாக்ட்மெட்டுக்குத் தனிச் செயலி இருந்தது, இப்போது இல்லை. இரண்டையும் பிரவுசரில் திறந்து, முகப்புத் திரையில் குறுக்குவழியாகப் போட்டுக்கொள்ளலாம்.

அவசரத்துக்கு ஈ-லாக்டான்சியா. மருந்தின் பெயரை அடித்ததும் பச்சை (ஆபத்து மிகக் குறைவு) முதல் சிவப்பு (மிக அதிகம்) வரை நான்கு நிலைகளில் ஒன்றைக் காட்டும். பதற்றத்தில் இருப்பவருக்கு அது பெரிய நிம்மதி. நிறம் சொல்லாததை லாக்ட்மெட் சொல்லும். அலர்ஜிக்குப் போடும் செட்டிரிசினை எப்போதாவது குறைந்த அளவில் போடலாம். தொடர்ந்து போட்டால் குழந்தைக்குத் தூக்கக் கலக்கம் வரலாம், பாலும் குறையலாம் என்று பிரித்துச் சொல்கிறது. மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரின் 60 மி.கி. ஒரே வேளை போட்டதில் அன்றைய பால் சராசரியாக 24 சதவீதம் குறைந்ததாக ஒரு சிறிய ஆய்வு. அதுவும் அங்கே இருக்கிறது. குழந்தைக்கு ஆபத்தா என்பது வேறு, பால் குறையுமா என்பது வேறு. இரண்டையும் தனித்தனித் தலைப்பில் வைத்திருப்பதும், வேறு என்ன மருந்து எடுக்கலாம் என்று கடைசியில் பட்டியல் தருவதும்தான் லாக்ட்மெட்டை முன்னால் நிறுத்துகின்றன. ஆங்கிலம்தான் கனமாக இருக்கும். முதல் பத்தியை மட்டும் படித்தால் போதும். பூண்டுக்கும் அதில் ஒரு பக்கம் உண்டு: தாய் பூண்டு எடுத்தபோது குழந்தைகள் கூடுதல் நேரம் குடித்தார்களாம். பூண்டுக் குழம்பு வைத்துக் கொடுக்கும் அத்தைகள் கேட்டால் சிரிப்பார்கள்.

இரண்டிலும் தேடும்போது நம் ஊர் பிராண்டு பெயரை அடிக்காதீர்கள். மாத்திரை அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் பாருங்கள். சளி மாத்திரையில் பெரும்பாலும் மூன்று நான்கு மருந்துகள் கலந்திருக்கும், ஒவ்வொன்றையும் தனியே தேட வேண்டும்.

அப்புறம் விளம்பரம். பால் பவுடர், புட்டிப் பால் விளம்பரத்தை இந்தியாவில் 1992ஆம் ஆண்டுச் சட்டமும் 2003 திருத்தமும் தடை செய்கின்றன. ஆனால் நிறுவனங்கள் செயலிகள், ஆன்லைன் குழுக்கள் வழியாகத் தாய்மார்களை எட்டுவதை உலக சுகாதார நிறுவனம் 2022இல் விரிவாகவே எடுத்துக்காட்டியது. பிரசவத் தேதியையும் போன் நம்பரையும் கேட்டுவிட்டுத்தான் உள்ளே விடுவேன் என்கிற இலவசச் செயலியை நான் வைத்துக்கொள்ள மாட்டேன். பம்பு விற்கும் மெடெலாவின் செயலி, வேலைக்குப் போய்ப் பாலை எடுத்துவைப்பவர்களுக்கு வசதிதான். கடைக்காரர் கொடுத்த காலண்டர் அது என்று தெரிந்து வைத்துக்கொண்டால் சரி.

குறைமாதம், மஞ்சள் காமாலை, ஒரு மாதம்கூட ஆகாத குழந்தை என்றால் பச்சை நிறத்தை மட்டும் நம்பி மாத்திரை போடாதீர்கள். லாக்ட்மெட் பக்கத்தைத் திறந்து குழந்தை மருத்துவரிடம் அப்படியே நீட்டிக் கேளுங்கள்.