விலா நிறமா, வால் நுனியா, தாடைத் துளையா: பனித் துளையில் பைக்கையும் மஸ்கியையும் பிரித்தறிதல்

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஏரிகள் உறைந்து கிடக்கும் மாதங்களில், வெளிச்சம் புகாதபடி அடைத்த சிறு குடிலுக்குள் அமர்ந்து, பனித்தளத்தில் அறுத்த துளை வழியே பைக் மீனை ஈட்டியால் குத்திப் பிடிக்கச் சட்டம் இடம் தருகிறது. அதன் நெருங்கிய உறவான மஸ்கியைக் குத்துவது குற்றம். தூண்டிலில் தவறான மீன் சிக்கினால் முள்ளைக் கழற்றி விட்டுவிடலாம். ஈட்டி பாய்ந்த மீனுக்கு அந்த வாய்ப்பு இல்லை. எனவே கை ஓங்குவதற்கு முன்பே இனம் தெரிந்துவிட வேண்டும். அதற்குச் சொல்லப்படும் அடையாளங்கள் மூன்றும் துளைக்கு மேலிருந்து பார்ப்பவருக்கு ஒரே அளவில் பயன்படுவதில்லை.

மூன்றில் மிக உறுதியானது தாடைத் துளை. கீழ்த்தாடையின் அடிப்பக்கத்துத் தோலில் உள்ள நுண்துளைகள், ஒரு பக்கத்துக்கு ஐந்தோ அதற்குக் குறைவோ இருந்தால் பைக்; ஆறோ அதற்கு மேலோ இருந்தால் மஸ்கி. ஆனால் அது மீனைக் கையில் பிடித்து மல்லாத்திப் பார்க்கும் தூண்டில்காரருக்கான அடையாளம். மேலிருந்து பார்ப்பவருக்குத் தலையின் மேற்பக்கம் மட்டுமே தெரியும்.

பைக்கின் வால் நுனிகள் உருண்டிருக்கும், மஸ்கியின் நுனிகள் கூராக இருக்கும். படத்தில் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரிகிறது. தண்ணீரிலோ வால் துடுப்பு செங்குத்தாக நிற்பதால், நேர் மேலிருந்து பார்க்கையில் அது ஒரு மெல்லிய கோடாகவே தோன்றும். மீன் சாய்ந்து திரும்பும் நொடியில்தான் வடிவம் புலப்படும். மேலும், இரண்டுக்கும் பிறக்கும் கலப்பினமான டைகர் மஸ்கிக்கும் வால் நுனி உருண்டே இருக்கும் என்பதால், வாலை மட்டும் நம்புவது ஆபத்து என்றே கருதுகிறேன்.

ஈட்டிக்காரர் முதலில் நாட வேண்டியது விலா நிறம். கரும்பச்சை உடலில் வெளிர் நிறப் புள்ளிகள் வரிசை வரிசையாக இருந்தால் பைக். வெளிர் உடலில் கருமையான பட்டைகளோ புள்ளிகளோ இருந்தால் மஸ்கி. கலப்பினத்தின் கரும்பட்டைகளும் இங்கே எச்சரித்துவிடும். இதற்கும் ஓர் ஓட்டை உண்டு: குறியே இல்லாத மஸ்கியும் இருக்கிறது, புள்ளியற்ற வெள்ளிநிற பைக்கும் இருக்கிறது. ஆகையால் வெறும் உடலோடு வரும் மீனை நோக்கி ஈட்டியை இறக்கவே கூடாது.

விலாவைக் காண நேரம் தருவது கயிற்றில் தொங்கும் பொம்மை மீன். வயிற்றில் ஈயம் ஊற்றிய அந்த மரமீன், கயிற்றை மெல்லச் சுண்டினால் வட்டமடித்து நீந்தும். அப்பகுதிப் பழங்குடியினரான ஒஜிப்வே மக்களிடம் நெடுங்காலமாகப் பழகிவந்த கலை இது. பெரிய மீன் அதை நோக்கித் துளையின் ஓரத்திலிருந்து சரிவாக வரும்போது விலா சற்றே தெரியும். நேர் கீழே வந்து நின்றபின் முதுகு மட்டும்தான். அதனால் ஈட்டிக்கு ஏற்ற தருணம் மீன் நிற்கும்போது என்றாலும், இனம் காண வேண்டிய தருணம் அது வந்துகொண்டிருக்கும்போதுதான். அளந்து வைத்த பொம்மை அளவுகோலாகவும் உதவும்: 2018 முதல் மாநிலத்தின் தென்பகுதியில் 24 அங்குலத்துக்குக் குறைந்த பைக்கைப் பிடிக்கக் கூடாது என்பதால், இனம் சரியாக இருந்தும் நீளம் போதாத மீனைப் பொம்மையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தே விட்டுவிட முடியும்.