இருவர் மிதிவண்டியா, ஆளுக்கொரு வண்டியா?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் தோட்டப்புறத்திலிருந்து தைப்பிங் ஏரிப் பூங்காவுக்குச் செல்வோர் மிதிவண்டி வாடகைக்கு எடுப்பதானால், பெரியவர்கள் உடன் வரும்போது இருவர் மிதிக்கும் வண்டியையே நான் பரிந்துரைப்பேன். முன்னால் இருப்பவரே திசையையும் பிரேக்கையும் கவனித்துக்கொள்வதால், பால்மரம் (ரப்பர் மரம்) சீவிக் கால் தளர்ந்தவரும், பார்வை மங்கியவரும்கூடப் பின்னிருக்கையில் அமர்ந்து, 1880-இல் வெள்ளீயச் சுரங்க நிலத்தில் உருவான அப்பூங்காவின் ஏரிகளையும், நீரை நோக்கிக் கிளை தாழ்த்திய தூங்குமூஞ்சி மரங்களையும் பின்தங்காமல் கண்டு மகிழலாம். ஆனால் பெடல்கள் சங்கிலியால் இணைந்திருப்பதால் இருவரும் ஒரே சீராக மிதிக்க வேண்டும். வண்டி நீளமானதால் திரும்புவதற்கு இடமும் கூடுதலாக வேண்டும். மழை மிகுந்த தைப்பிங்கின் ஈரப் பாதையில் முன்கூட்டியே பிரேக் பிடிப்பது அவசியம். தனி வண்டியோ நினைத்த இடத்தில் நிற்கவும் திரும்பவும் எளிது. ஓட்டத் தெரிந்த இளையோருக்கு அதுவே போதும்.