ஸ்கேட்போர்ட சர்வீஸுக்கு விடப்போறீங்களா, இதப் படிச்சிட்டு விடுங்க

பொண்ணோட ஸ்கேட்போர்டு கொஞ்ச நாளா கரகரன்னு சத்தம், ஒரு தள்ளு தள்ளுனா பத்தடி போறதுக்குள்ள நின்னுடுது. சர்வீஸ் பண்ற ஒரு கடைல குடுத்தேன். வீல ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு "பேரிங் எட்டும் போச்சு சார், புதுசுதான் போடணும்"னாரு. ஒரு வீலுக்கு ரெண்டு, ஆக மொத்தம் எட்டு. நம்பி எட்டுக்கும் காசு குடுத்துட்டு வந்தேன். வீட்டுல சுத்திப் பாத்தா சத்தமே இல்ல, சூப்பரா ஓடுச்சு.

நாலே நாள். போய்ட்டு இருக்கும்போதே ஒரு முன் வீல் இறுகி போர்டு நின்னுடுச்சு, இவ முன்னாடி போய் விழுந்து முழங்கை தோலெல்லாம் உரிஞ்சு வந்து நிக்குறா. வயிறு எரிஞ்சுது. அன்னிக்கு ராத்திரியே 13 எம்எம் ஸ்பேனர் வச்சு நட்டக் கழட்டி நாலு வீலயும் உருவுனேன்.

வெளிய தெரியிற நாலு பேரிங்தான் புதுசு. ட்ரக் (பலகைக்கு அடியில வீல தாங்குற உலோகப் பாகம்) பக்கம் மறைஞ்சிருக்கிற நாலும் அதே பழசு! ஒரு ஊசியால பேரிங்க மூடியிருக்கிற ரப்பர் ஷீல்ட நெம்பி எடுத்தேன், உள்ள 7 குண்டும் காப்பி கலர் சேத்துல முங்கிக் கெடக்கு, ஸ்ப்ரே வாசன குப்புன்னு அடிக்குது. துரு எடுக்குற ஸ்ப்ரேய அடிச்சு விட்ருக்காங்க, அது இருந்த கிரீஸயும் கழுவிட்டுப் போயிடும், ரெண்டு மூணு நாள் நல்லா சுத்தும் அப்புறம் முன்னவிட மோசமாயிடும். அதவிடப் பெரிய கோவம், ரெண்டு பேரிங்குக்கும் நடுவுல வர்ற குட்டிக் குழாய், அதான் ஸ்பேசர், ஒரு வீல்ல கூட இல்ல. அது இல்லாம நட்ட இறுக்குனா பேரிங்க பக்கவாட்டுல நசுக்கும். வீல் இறுகுனது அதனாலதான்.

போய்க் கேட்டா "உள்ள இருந்தது நல்லாதான் இருந்துச்சு, அதான் மாத்தல"ங்கிறாரு. அப்ப எட்டுக்கு எதுக்குங்க காசு வாங்குனீங்க? பில்லுல "சர்வீஸ்"னு மட்டும்தான் போட்ருக்கு, அதனால ஒண்ணும் பண்ண முடியல.

சத்தியமா சொல்றேன், இது வீட்டுலயே பண்ற வேல. நட்டக் கழட்டி ஆக்ஸில் (வீல் மாட்டுற கம்பி) நுனியில பேரிங்க மாட்டி வீல சாச்சு இழுத்தா வந்துடும். ஷீல்ட எடுத்துட்டு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல போட்டு குலுக்குங்க (ஜன்னலத் தொறந்து வச்சுக்கோங்க, பக்கத்துல அடுப்பு வேணாம்), நல்லா காய விட்டு ஒண்ணு ரெண்டு சொட்டு பேரிங் ஆயில், அவ்ளோதான். தண்ணில மட்டும் கழுவாதீங்க, துரு புடிச்சிடும். திருப்பி மாட்டும்போது முன் இடதும் பின் வலதும் மாத்தி, உள்பக்கத்த வெளிய திருப்பிப் போட்டா வீல் ஒரே பக்கமா தேயாது. நட்டு இறுக்குனதுக்கு அப்புறம் வீல் பக்கவாட்டுல மயிரிழை ஆடணும்.

அந்தப் பழைய நாலுல மூணு கழுவுனதும் ஜம்முனு சுத்துது. ஒண்ணுலதான் குண்டு துருப்புடிச்சிருந்துச்சு. ஆக மாத்த வேண்டியதே அந்த ஒண்ணத்தான் போல. கடைல விட்டே ஆகணும்னா பேரிங் எத்தன, ஸ்பேசர் எத்தனன்னு பில்லுல எழுதி வாங்குங்க, கழட்டுன பழசயும் கையில குடுக்கச் சொல்லுங்க, வாங்குற எடத்துலயே ஒரு வீலக் கழட்டிக் காட்டச் சொல்லுங்க.