வீட்டிலேயே பிரேக், ஃபோர்க் பராமரிப்பு: நீண்ட காலப் பயன்பாட்டில் தெரியவந்தவை

முன்னால் டிஸ்க் பிரேக்கும், ஒன்றுக்குள் ஒன்று நகரும் குழாய்களாலான டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கும் (முன் சஸ்பென்ஷன்) உள்ள சாதாரண பைக்கைப் பல வருடங்கள் சொந்தக் கையால் பராமரித்தால் ஒரு விஷயம் உறுதியாகும். பிரேக் மந்தமாவதற்கும் முன்பக்கம் அலைவதற்கும் தேய்ந்த பாகங்களை விட அழுக்கும், காய்ந்துபோன கிரீஸும், பழைய ஆயிலும்தான் பெரும்பாலும் காரணம். புது பேட் மாட்டியும் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லையென்றால் அடுத்த பேட்டைத் தேட வேண்டாம். பேட்களை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பரைக் கழற்றிப் பாருங்கள்.

காலிப்பருக்குள் பேட்டைத் தள்ளும் பிஸ்டனைச் சுற்றிச் சதுர வெட்டு கொண்ட ஒரு ரப்பர் சீல் இருக்கும். பிரேக் பிடிக்கும்போது பிஸ்டனோடு சேர்ந்து அது லேசாக முறுக்கிக்கொள்ளும், விட்டதும் பழைய வடிவத்துக்குத் திரும்பும். அந்தத் திரும்பல்தான் பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்கிறது, வேறு ஸ்பிரிங் கிடையாது. பிஸ்டனின் வெளிப்பகுதியில் பேட் தூசி இறுகிவிட்டால் இந்தச் சிறு அசைவு போதாது. பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும், டிஸ்க் சூடாகும், பேட் சீக்கிரம் தேயும்.

புது பேட் போடும்போது இந்த அழுக்குப் பிஸ்டனை அப்படியே உள்ளே தள்ளுவதுதான் வீட்டு வேலையில் நடக்கும் பெரிய தவறு. அழுக்கு சீலை உரசிக்கொண்டு போகும், பின்னால் கசிவாக வந்து நிற்கும். பழைய பேட்டைக் கழற்றியதும் லீவரை மெதுவாக ஓரிரு முறை பிடித்துப் பிஸ்டனை 5 மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும் வெளியே வரவிடுங்கள். அதிகம் போனால் பிஸ்டன் கழன்று விழக்கூடும். இரட்டைப் பிஸ்டன் காலிப்பரில் ஒன்றை விரலால் அழுத்திப் பிடித்தால்தான் மற்றொன்று வரும். சோப்புத் தண்ணீரும் பழைய டூத் பிரஷ்ஷும் கொண்டு சுற்றிலும் தேய்த்து, துடைத்து, சீல் ஓரத்தில் சிலிக்கான் கிரீஸ் லேசாகத் தடவிய பிறகு கையாலேயே உள்ளே தள்ளுங்கள். சுத்தமான பிஸ்டன் கட்டைவிரல் அழுத்தத்துக்கே போய்விடும். அப்படிப் போகவில்லையென்றால் சீலை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

அடுத்தது ஸ்லைடர் பின். மிதக்கும் வகைக் காலிப்பர் இந்தப் பின்களின் மேல் பக்கவாட்டில் நகர்ந்தால்தான் இரண்டு பேட்களும் ஒரே அளவில் அழுத்தும். ஒரு பேட் அதிகமாகத் தேய்ந்திருந்தாலோ, ஒரே பேட் ஒரு முனையில் மெலிந்து சரிவாகத் தேய்ந்திருந்தாலோ முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். பழைய கிரீஸை முழுதாகத் துடைத்துவிட்டு சிலிக்கான் கிரீஸ் போடுங்கள். வீல் பேரிங்குக்குப் போடும் சாதாரணப் பெட்ரோலிய கிரீஸ் இங்கே ஆகாது, ரப்பர் பூட் ஊதிப்போய்ப் பின் இறுகிக்கொள்ளும். மழையிலும் சேற்றிலும் ஓடும் பைக்குக்கு வருடம் ஒருமுறை இந்த வேலை போதும். பேட்டைத் தாங்கும் பேட் பின்னையும் அதே சமயம் கழற்றிச் சுத்தம் செய்துவிட்டால், பிறகு அது துருப்பிடித்து ஆலன் கீ வழுக்கும் நிலை வராது.

பேட்டில் உராய்வுப் பகுதி 1.5 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்றிவிடலாம், நடுவிலுள்ள வெட்டு மறையும்வரை காத்திருக்கத் தேவையில்லை. டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். ஆர்கானிக் பேட் மென்மையாகப் பிடிக்கும், டிஸ்க்கை அதிகம் தின்னாது, ஆனால் மழைக்காலத்தில் சீக்கிரம் தேயும். உலோகத் தூளை அழுத்திச் செய்த சின்டர்டு பேட் ஈரத்திலும் சூட்டிலும் நன்றாகத் தாங்கும், அதற்கேற்ற டிஸ்க் இருந்தால் மட்டும் போடுவது நல்லது. எந்தப் பேட்டாக இருந்தாலும், காலியான சாலையில் நடுத்தர வேகத்திலிருந்து முழுதாக நிற்காமல் பத்துப் பதினைந்து முறை படிப்படியாக வேகம் குறைத்துப் பழக்கினால்தான் முழுப் பிடிப்பு வரும்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் ஏறிய நிலையில் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். நீண்ட இறக்கத்தில் ஆயில் சூடாகிக் கொதித்து லீவர் திடீரென்று உள்ளே போவது இதனால்தான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், நிறம் தெளிவாக இருந்தாலும் சரி. டாட் 3, 4, 5.1 மூன்றும் கிளைக்கால் வகை. டாட் 5 மட்டும் சிலிக்கான், அதை இவற்றோடு கலக்கவே கூடாது. பேட் தேயத் தேய ஹேண்டிலில் உள்ள பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் இறங்குவது இயல்பு. அதைப் பார்த்து மேலே ஊற்றி நிரப்பிவைத்தால், புது பேட் போடும் நாளில் வழிந்து டேங்க் பெயின்ட்டைக் கெடுக்கும்.

பிரேக் லைனிலிருந்து காற்று எடுக்கும்போது 8 மில்லிமீட்டர் ரிங் ஸ்பேனர், தெளிவான டியூப், சிறிது ஆயில் உள்ள பாட்டில், இவ்வளவு போதும். லீவரைப் பிடி, காலிப்பரில் உள்ள காற்று வெளியேற்றும் நிப்பிளைத் திற, லீவர் கைப்பிடி வரை போகும் முன் நிப்பிளை மூடு, பிறகு லீவரை விடு. டப்பா காலியாக விடவே கூடாது. ஏபிஎஸ் பைக்கில் இது இன்னும் முக்கியம், பிரேக் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் மாடுலேட்டருக்குள் காற்று புகுந்தால் கையால் எடுப்பது கடினம். டியூபில் முடிவில்லாமல் பொடிக்குமிழிகள் வந்தால் அது நிப்பிள் மரை வழியாக வரும் காற்றாக இருக்கலாம், மரையில் டெஃப்லான் டேப் சுற்றினால் தெரிந்துவிடும். கடைசிக் காற்று பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டர் (லீவர் அழுத்தும் சிலிண்டர்) பக்கத்தில், பிரேக் ஹோஸை இணைக்கும் பேஞ்சோ போல்ட்டில் ஒளிந்திருக்கும். ஹேண்டிலைத் திருப்பி மாஸ்டர் சிலிண்டரை உயரமாக வைத்து, லீவரை மிகச் சிறிய தூரம் தட்டித்தட்டி விட்டால் டப்பாவின் சின்னத் துளை வழியாகக் குமிழி மேலே வரும். பேஞ்சோ போல்ட்டைக் கழற்றினால் வாஷர்கள் இரண்டையும் புதிதாகப் போடுங்கள்.

ஃபோர்க்கை மக்கள் மறந்தே போகிறார்கள். எண்ணெய் கசிந்தால் மட்டும் திரும்பிப் பார்ப்பார்கள். கசிவுகளில் ஒரு பகுதிக்குச் சீலில் சிக்கிய மண்தான் காரணம். மேலே தூசியைத் தடுக்கும் டஸ்ட் சீலை மெதுவாகக் கீழே இறக்கி, பழைய கேமரா ஃபிலிம் துண்டைக் கொக்கி வடிவில் வெட்டி, ஆயில் சீலின் உதட்டுக்குள் விட்டுச் சுற்றி எடுத்தால் பல நேரம் கசிவு நின்றுவிடும். குரோம் டியூபில் துருப்புள்ளி இருந்தால் 1500 நம்பர் தண்ணீர் உப்புத்தாளில் குறுக்குவாட்டில் மட்டும் தேய்த்துக் கூர்மையை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் புது சீலும் சில வாரத்தில் கிழியும். கசிந்த எண்ணெய் பேட்டில் ஊறியிருந்தால் அந்தப் பேட்டைத் தூக்கிப்போட வேண்டியதுதான்.

ஃபோர்க் ஆயில் மாற்றும்போது, ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் மேல் கிளாம்ப் போல்ட்டை முதலில் தளர்த்தி, கீழ்க் கிளாம்ப் பிடித்திருக்கும்போதே மேல் மூடியை லூஸ் செய்துகொள்ளுங்கள். ஃபோர்க் கால்கள் வெளியே வந்த பிறகு மூடியைத் திருப்ப முயன்றால் டியூபைப் பிடிக்க இடமிருக்காது. மூடிக்குக் கீழே ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கிறது, முகத்தை மேலே வைக்காதீர்கள். கவிழ்த்து, பல முறை பம்ப் அடித்து, அடிக்கசடு வரும்வரை வடியவிடுங்கள். புது ஆயிலை ஊற்றிய பின் மீண்டும் பம்ப் அடித்து, நிமிர்த்திச் சில நிமிடம் வைத்தால் குமிழிகள் அடங்கும். ஸ்பிரிங் இல்லாமல் ஃபோர்க்கை முழுதாக அமுக்கிவைத்து, டியூபின் மேல் விளிம்பிலிருந்து ஆயில் மட்டத்தை அளக்க வேண்டும். மேனுவலில் மில்லிலிட்டர் அளவும் இருக்கும். ஆனால் உள்ளே ஒட்டியிருக்கும் பழைய ஆயிலால் அது ஏமாற்றும், மட்டம்தான் நம்பத்தகுந்தது. இரண்டு கால்களும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும்.

பிரேக் போட்டால் முன்பக்கம் அதிகம் அமுங்குகிறது என்று கெட்டி ஆயில் ஊற்றும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. ஆயிலின் கெட்டித்தன்மை அமுங்கும் வேகத்தைத்தான் மாற்றும், தூரத்தை அல்ல. விளைவு, சின்னக் குழிகளில் கை அதிரும், அடுத்தடுத்த மேடுகளில் ஃபோர்க் நிமிர நேரமில்லாமல் அமுங்கியபடியே ஓடும். கடைசித் தூரத்தில் மட்டும் தடுப்பு வேண்டுமென்றால் ஆயில் மட்டத்தை 10 மில்லிமீட்டர் உயர்த்திப் பாருங்கள். மேலே உள்ள காற்று இன்னொரு ஸ்பிரிங்காக வேலை செய்யும். இன்னொன்று, ஒரே 10டபிள்யூ எண் கொண்ட ஆயில்கள் பிராண்டுக்குப் பிராண்டு கெட்டித்தன்மையில் மாறுபடும், அதனால் ஒரே பிராண்டில் நின்றுவிடுவது நல்லது.

பின் ஷாக்கில் பிரீலோடு (ஸ்பிரிங்கின் முன் அழுத்தம்) திருகுவது ஸ்பிரிங்கைக் கெட்டியாக்காது, பைக்கின் உயரத்தை மட்டுமே மாற்றும். ஓட்டுபவர் உட்கார்ந்ததும் மொத்த அசைவில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அமுங்கினால் சரி. பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் அச்சைச் சங்கிலி மாற்றும்போதெல்லாம் கழற்றி கிரீஸ் வையுங்கள், இறுகிப்போன அச்சை எடுப்பது மிகப் பெரிய வேலை.

பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் 'டொக்' என்று கேட்டால் ஃபோர்க்கைக் கழற்றும் முன் கோன்செட்டை (ஹேண்டில் திரும்பும் பேரிங் செட்) சோதியுங்கள். முன் சக்கரம் தரையைத் தொடாதபடி நிறுத்தி, ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் தளர்வு கையில் தெரியும். ஹேண்டிலைத் திருப்பும்போது நேர்நிலையில் மட்டும் சிக்கிக்கொண்டால் பேரிங் கிண்ணத்தில் பள்ளம் விழுந்திருக்கிறது, நட்டை இறுக்கி அதைச் சரிசெய்ய முடியாது, செட்டாக மாற்ற வேண்டும். சக்கரத்தை மாட்டி முடிக்கும்போது அச்சு நட்டை இறுக்கிய பின், ஃபோர்க்கை நான்கைந்து முறை அமுக்கிவிட்டுக் கடைசியாகத்தான் ஃபோர்க்கின் அடியில் அச்சை நெருக்கிப் பிடிக்கும் பிஞ்ச் போல்ட்டை இறுக்குங்கள். வண்டியை நகர்த்தும் முன் லீவர் கெட்டியாகும்வரை பம்ப் அடித்துக்கொள்ளுங்கள், உள்ளே தள்ளிய பிஸ்டன் இன்னும் டிஸ்க்கைத் தொட்டிருக்காது.