பழைய காரையை ஆராய அமிலமா, கருவியா?

கொங்குப் பகுதியில் தொட்டிக்கட்டு வீட்டையோ கோயில் மண்டபத்தையோ புதுப்பிக்கும்போது, பழைய சுண்ணாம்புக் காரைமேல் சிமெண்டைப் பூசிவிடுகிறார்கள். பார்க்கவே வேதனையாக இருக்கிறது. இறுகலான அந்தப் பூச்சுக்குப் பின்னால் ஈரமும் உப்பும் தங்கி, பழைய காரை பொடிந்து உதிர்கிறது. ஒத்துப்போகிற காரை வேண்டுமென்றால், பழையதில் என்ன கலந்திருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

மலிவான வழி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். எடை போட்ட காரைத் துண்டை அதில் இட்டால் சுண்ணாம்பு நுரைத்துக் கரையும், மணல் அடியில் தங்கும். அதைக் கழுவிக் காயவைத்து, எடை பார்த்துச் சலித்தால் கொத்தனார் சேர்த்த மணலின் அளவும் பருமனும் தெரிந்துவிடும். கல்லூரி வேதியியல் ஆய்வகமே போதும்.

ஆனால் நம் பக்கம் ஒரு சிக்கல் உண்டு. இங்கே பல இடங்களில் மண்ணிலேயே சுக்கான் கல் என்கிற சுண்ணாம்புக்கல் கிடக்கிறது. மணலோடு அதன் துணுக்குகள் கலந்திருந்தால் அவையும் கரைந்து, சுண்ணாம்பு அதிகம் போட்டதாகக் கணக்கு தப்பும். அப்புறம், களிமண் கலந்த சுக்கான் கல்லைச் சுட்டெடுத்த சுண்ணாம்பு, காற்றிலுள்ள கரியமில வாயுவால் மட்டுமல்லாமல் தண்ணீரோடு சேர்ந்தும் இறுகும். அமிலச் சோதனையில் இது பிடிபடாது.

வெப்ப எடையிழப்புக் கருவியில் பிடிபடும். காரைப் பொடியைச் சூடேற்றும்போது ஏறத்தாழ 200 முதல் 600 டிகிரி செல்சியஸுக்குள் குறையும் எடை, அப்படி இறுகிய சேர்மங்களிலிருந்து வெளியேறும் நீர். அதற்கு மேல் குறைவது, காற்றால் இறுகிய சுண்ணாம்பான கார்பனேட்டிலிருந்து கிளம்பும் கரியமில வாயு. இரண்டுக்கும் உள்ள விகிதம் சுண்ணாம்பின் வகையைச் சொல்லும். சுக்கான் துணுக்கு இந்தக் கணக்கையும் குழப்பும் என்பதால், காரையின் மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் பார்ப்பதைத் தவிர்க்கக் கூடாது.

எல்லோரும் கேட்பது, பழைய காரையில் சேர்த்ததாகச் சொல்லப்படும் கடுக்காயையும் வெல்லத்தையும்தான். அமிலத்தால் அதைச் சொல்ல முடியாது. அகச்சிவப்பு நிறமாலையும் எளிதில் சொல்லிவிடாது. சர்க்கரை காலப்போக்கில் கரைந்து சிதையும், மிஞ்சிய கொஞ்சத்தைக் நிறமாலையில் கார்பனேட்டின் வலுவான தடயம் மறைத்துவிடும். அறிக்கையில் ‘காணவில்லை’ என்றிருந்தால் ‘சேர்க்கவில்லை’ என்று படிக்காதீர்கள்.

நிறம் என்று வந்தால் அமிலத்துக்கு வேலையே இல்லை. கோவை அருகேயுள்ள குமிட்டிபதி குகையின் வெள்ளை ஓவியங்களைச் சுரண்ட யாருக்கு மனம் வரும்? கையடக்க எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவி, சுரண்டாமலே தனிமங்களைக் காட்டும். ஆனால் செங்காவி, மஞ்சள் காவி இரண்டுக்குமே இரும்பு என்றுதான் அது சொல்லும். சிவப்பு தரும் ஹெமடைட்டா, மஞ்சள் தரும் கோதைட்டா என்று இரும்புச் சேர்மத்தைப் பிரித்தறிய ராமன் நிறமாலை வேண்டும்.

சாதாரண வீட்டுச் சுவருக்கு அமிலமும் நுண்ணோக்கியும் போதும் என்பேன். பழங்கோயிலுக்கு, அதுவும் ஓவியம் இருந்தால், கருவிச் செலவுக்குத் தயங்கவே கூடாது. எதுவானாலும் குடமுழுக்கு வேலை தொடங்குமுன், மழை படாத இடத்தில், ஏற்கெனவே உதிர்ந்து நிற்கும் பகுதியிலிருந்து மாதிரி எடுங்கள்.