வறண்ட முகத்துக்கு எந்த மாஸ்க்? ஷீட், கற்றாழை, களிமண், ராத்திரி பூசுவது – ஒரு நேர் ஒப்பீடு

கழுவித் துடைத்ததும் கன்னம் இழுக்கிறது, மூக்கோரம் தோல் உரிகிறது, என்ன மாஸ்க் போடலாம் என்று மலேசியாவில், கெடா மாநிலத்துப் பாடாங் செராயில் கேட்டுப் பாருங்கள், ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். ஃபார்மசியில் கொரியா ஷீட் மாஸ்க்கை எடுத்து நீட்டுவார்கள், அம்மா கற்றாழையை வெட்டச் சொல்வார், பக்கத்து வீட்டு அக்கா முல்தானி மெட்டி என்ற களிமண் என்பார், கூட வேலை செய்கிற தோழி ராத்திரி பூசிக்கொண்டு தூங்கும் ஸ்லீப்பிங் மாஸ்க்தான் என்பாள். நான்கும் செய்வது நான்கு வேலை. நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வறண்ட தோலுக்குக் கழுவி எடுக்கிற மாஸ்க்கைவிடக் கழுவாமல் விடுகிற மாஸ்க்தான் மேல்.

இவ்வளவு மழை பெய்கிற நாட்டில் தோல் எப்படி வறளும் என்று சிலர் நம்ப மறுக்கிறார்கள். நன்றாகவே வறளும். ஹென்ரியெட்டா, விக்டோரியா என்று சுற்றிலும் தோட்டங்கள் இருந்தாலும், லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், வளர்ந்த பிள்ளைகள் பலர் இப்போது பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் ஆள் எடுக்கும் இடத்துக்கு, போவதில்லை, விடியும் முன்னே கம்பெனி பஸ் ஏறி, 1996-ல் திறந்த கூலிம் ஹைடெக் பார்க்குக்குப் போகிறார்கள். சிப் செய்கிற கிளீன் ரூமில் காற்றின் ஈரப்பதத்தைப் பெரும்பாலும் 40, 50 சதவீத அளவிலேயே பிடித்து வைத்திருப்பார்கள். வெளியே நம் காற்றில் சராசரியே 80-ஐ ஒட்டி இருக்கும். முழு ஷிப்டும் அந்தக் காற்றில் நிற்க வேண்டும், முகமூடி வேறு கன்னத்தில் உரசிக்கொண்டே இருக்கும், துகள் உதிரும் என்பதால் பவுடரும் மேக்கப்பும் பூசிக்கொண்டு உள்ளே போகவும் விடமாட்டார்கள். ஆகவே தோலைக் கவனிக்க அவர்களுக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் நேரம். கித்தா (ரப்பர்) மரத்திலும் செம்பனையிலும் வேலை செய்கிறவர்களுக்குக் காரணம் வேறு: வெயில், வியர்வை, வீடு திரும்பியதும் சோப்புப் போட்டு அழுத்தித் தேய்த்துக் கழுவுவது. சனவரி, பிப்ரவரியில் கெடாவில் மழையும் குறைந்துவிடும்.

தோலின் மேலடுக்கில் செல்களுக்கு நடுவே செராமைட், கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் என்று ஒரு கொழுப்புப் பூச்சு இருக்கிறது. சோப்பும் சுடுநீரும் அதைக் கரைத்துவிட்டால் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகிப் போய்விடும். நல்ல பராமரிப்பு என்றால் நீரை இழுத்துப் பிடிக்க ஏதாவது வேண்டும், அதாவது கிளிசரின், ஹயலுரானிக் அமிலம், யூரியா போன்றவை. அப்புறம் அந்த நீர் தப்பாமல் மேலே மூட ஒன்று வேண்டும். இந்த இரண்டாவதில்தான் பெரும்பாலான மாஸ்க்குகள் கைவிடுகின்றன.

ஷீட் மாஸ்க்கை எடுத்துக்கொள்வோம். மலிவானது மூன்று, நான்கு ரிங்கிட்டுக்குக் கிடைக்கும், கவரைப் பிரித்தால் சீரம் சொட்டும். துணி முகத்தில் ஒட்டியிருக்கும் வரை நீர் ஆவியாகாமல் தடுப்பதால், எடுத்ததும் தோல் புஸ்ஸென்று மினுமினுப்பாகத் தெரியும், மெல்லிய சுருக்கங்கள் மறைந்த மாதிரி இருக்கும். கல்யாண வீட்டுக்குப் போகும் நாளில் இதைவிட வேகமான வழி இல்லை. ஆனால் அந்தப் பளபளப்பு சில மணி நேரத்துக்குத்தான், மேலே கிரீம் பூசாவிட்டால் காலையில் பழைய கதைதான். 15, 20 நிமிடத்தில் துணி இன்னும் ஈரமாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். முகத்திலேயே காயவிட்டுத் தூங்கினால் பலன் குறையும், சிலருக்கு எரிச்சலும் வரும். எடுத்ததும் கழுவாமல், மிச்சத்தைத் தட்டித் தட்டிச் சேர்த்துவிட்டு உடனே கிரீம். கவரில் மிஞ்சிய சீரம் கழுத்துக்கும் புறங்கைக்கும், நாளைக்கு என்று எடுத்து வைக்க வேண்டாம். வாங்கும்போது பின்பக்கம் பாருங்கள்: பொருள்களை அளவு அதிகமானதிலிருந்து வரிசையாகத்தான் போடுவார்கள், கிளிசரின் முன்னால் வந்தால் நல்லது, தோலைக் காயவைக்கும் ஆல்கஹால் டினாட் (Alcohol Denat.) முன்னால் வந்தால் வறண்ட முகத்துக்கு அது வேண்டாம், வாசனை தூக்கலாக இருந்தாலும் வேண்டாம்.

வீட்டுப் பொருள்களில் எனக்கு மரியாதை உள்ளது கற்றாழைக்குத்தான். லயத்து வாசலிலேயே வளர்கிறது, காசு இல்லை, வெயிலில் காய்ந்து வந்த முகத்துக்குக் குளிர்ச்சி. ஆனால் வெட்டின உடனே முகத்தில் தேய்க்கக் கூடாது. மடலை வெட்டி, வெட்டுவாய் கீழே இருக்கும்படி ஒரு கிளாஸில் கொஞ்ச நேரம் நிறுத்தி வையுங்கள். மஞ்சளாக ஒரு பால் வடிந்து அடியில் தேங்கும். அதில் உள்ள அலோயின் பலருக்கு அரிப்பும் சிவப்பும் தருவது. அது வடிந்த பிறகு தோலைச் சீவி, உள்ளே இருக்கும் கண்ணாடி மாதிரி ஜெல்லைத் தண்ணீரில் அலசி, முதலில் முழங்கையின் உள்பக்கம் தடவிப் பார்த்துவிட்டு முகத்துக்குப் போடலாம். ஒன்றை மறக்காதீர்கள், ஜெல்லில் பெரும்பாலும் தண்ணீர்தான். காய்ந்ததும் முகம் இழுக்கும். மேலே மூட ஏதாவது பூசாவிட்டால் செய்த வேலை வீண்.

தேன் நீரை இழுத்து வைக்கும், கெடுதல் இல்லை, ஆனால் கழுவும்போது முக்கால்வாசி போய்விடுகிறது. தயிரில் லாக்டிக் அமிலம் உண்டு, உரிகிற தோலை மென்மையாக்கும்; வெடித்து எரிகிற தோலில் வைத்தால் சுரீரென்று பிடிக்கும். எலுமிச்சை மட்டும் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள சில பொருள்கள் வெயில் பட்டால் தோலைத் தீப்பட்டது போலப் புண்ணாக்கி, ஆற நாளாகும் கறுப்புத் தழும்பை விட்டுப் போகும். காலையில் தேய்த்துக்கொண்டு வெயிலில் வேலைக்குப் போகிற பெண்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

களிமண், முல்தானி மெட்டி பற்றி நீட்டி முழக்கத் தேவையில்லை. எண்ணெயை உறிஞ்சுவதுதான் அதன் வேலை, எண்ணெயே இல்லாத முகத்தில் இருப்பதையும் எடுத்துவிடும். அரிசியை ஊற வைத்து அரைத்துக் காயவைத்துச் செய்கிற மலாய்க்காரர்களின் பெடாக் சேஜுக் என்ற பவுடரும் இந்த விஷயத்தில் அதே ரகம்தான், வெயிலில் குளுமை தரும், முகம் ஏற்கெனவே இழுக்கிறது என்றால் இன்னும் காயும்.

சரி, ராத்திரி பூசுவது. ஸ்லீப்பிங் மாஸ்க் என்று டப்பாவில் வருவது அடிப்படையில் கொஞ்சம் கனமான கிரீம் ஜெல்தான், நீரைப் பிடிப்பதும் மூடுவதும் சேர்ந்தே இருக்கும், தூங்குகிற நேரம் முழுக்க வேலை செய்யும். இங்கேதான் அது மற்ற மூன்றையும் தாண்டுகிறது. ஆனால் கொரிய பிராண்டு டப்பா விலை அதிகம், அதே வேலையைப் பத்து ரிங்கிட்டுக்குள் கிடைக்கிற பெட்ரோலியம் ஜெல்லியை வைத்தே செய்யலாம். 1872-ல் அமெரிக்காவில் ராபர்ட் செஸ்பரோ காப்புரிமை வாங்கிய பழைய பொருள்தான், ஆனால் தோலிலிருந்து நீர் ஆவியாவதைத் தடுப்பதில் அதை மிஞ்ச இன்னும் எதுவும் சுலபமாக வந்துவிடவில்லை. முகத்தைக் கழுவி, ஒற்றியெடுத்து, ஈரம் இருக்கும்போதே கிளிசரின் உள்ள கிரீம் பூசி, அதன் மேல் பட்டாணி அளவு ஜெல்லியை உள்ளங்கையில் சூடுபறக்கத் தேய்த்து, கன்னத்திலும் வாயோரத்திலும் ஒற்றி விடுங்கள். தேய்க்க வேண்டாம். பிசுபிசுப்பு பிடிக்காதவர்கள் ஸ்லீப்பிங் மாஸ்க்குக்கே போகலாம், தப்பில்லை.

தேங்காய் எண்ணெய் போதாதா என்று கேட்பீர்கள். 2004-ல் பிலிப்பீன்ஸில் வறண்ட தோல் உள்ள 34 பேரிடம் செய்த ஆய்வில் சுத்தமான தேங்காய் எண்ணெய் மினரல் ஆயிலுக்குச் சமமாக வேலை செய்தது. ஆனால் அதைப் பூசியது கால்களில். முகத்தில் துளைகளை அடைக்கக் கூடியது, பரு வருகிறவர்கள் கைக்கும் காலுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

கிளீன் ரூம் ஷிப்ட் முடிந்து வருகிற தங்கைக்கு: தினமும் ராத்திரி பூசுவது, வாரத்தில் ஓரிரு நாள் அதற்கு முன்னால் ஷீட் மாஸ்க். வெயிலில் வேலை செய்கிற அக்காவுக்கு: சாயங்காலம் கற்றாழை, மேலே கிரீம், காலையில் சன்ஸ்கிரீன். மாதவிடாய் நின்ற பிறகு தோலில் எண்ணெய்ச் சுரப்பு குறைந்துவிடுவதால், அம்மாக்களுக்கு மாஸ்க்குக்குப் பணம் செலவழிக்கவே வேண்டாம், செராமைட் உள்ள கனமான கிரீமும் ஜெல்லியும் போதும். கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசாங்கக் கிளினிக்கில் தருகிற அக்குவஸ் கிரீம் வீட்டில் இருந்தால், அது சோப்புக்குப் பதிலாகக் கழுவ நல்லது. அப்படியே பூசி விடுவதற்கு அல்ல, அதில் இருக்கும் சோடியம் லாரில் சல்பேட் சிலருக்கு எரிச்சல் தரும்.

பசார் மாலாமில் பெயரில்லாத டப்பாவில் விற்கிற மாஸ்க், கிரீம் எதுவானாலும் என்.ஓ.டி. (NOT) என்று தொடங்கும் அறிவிப்பு எண் இருக்கிறதா என்று பாருங்கள். மருந்தையும் அழகுப் பொருளையும் கண்காணிக்கும், சுகாதார அமைச்சின் என்.பி.ஆர்.ஏ. (NPRA) இணையத்தளத்தில் அந்த எண்ணைத் தட்டினால் பொருளின் பெயர் வர வேண்டும். வராவிட்டால் வாங்காதீர்கள், பாதரசமும் ஸ்டீராய்டும் கலந்த முக கிரீம்களை அவர்கள் அடிக்கடி பிடித்து அறிவிக்கிறார்கள். அப்புறம், இவ்வளவும் செய்தும் வறட்சி போகவில்லை, உடம்பெல்லாம் அரிப்பு, தாகமும் அதிகம் என்றால், அரசாங்கக் கிளினிக்கில் சர்க்கரையும் தைராய்டும் பார்த்துவிடுங்கள்.